மாடுகளுக்காக ஒரு நகரம்

1956ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு புதிய நகரம் பிறந்தது. அதன் பெயர் டெய்ரி வேலி. தமிழில் ‘பால்பண்ணைப் பள்ளத்தாக்கு’ எனலாம். அந்நகரில் வாழ்ந்த மக்கள் 3,439 பேர். கோழிகள் 106,300. மாடுகளோ 100,000க்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஏறத்தாழ முப்பது மாடுகள்!

மக்களைவிட மாடுகள் மிகுந்த ஓர் ஊரை நகரம் என்று அழைப்பானேன் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கான விடை சற்று விந்தையானது. பெருநகரம் தங்கள் பண்ணைகளை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அங்கிருந்த விவசாயிகள் தங்கள் ஊரைச் சட்டப்படி ஒரு நகரமாக்கிக்கொண்டார்கள். நகரம் என்ற பெயரையே நகரத்துக்கு எதிரான வேலியாகப் பயன்படுத்தினார்கள். அந்த வேலி எத்தனை காலம் நின்றது, எதனால் சாய்ந்தது என்பதைப் பார்த்தால், ஒரு புறநகர் எப்படி உருவாகிறது என்பதும் விளங்கும்.

டெய்ரி வேலி இன்று செரிட்டோஸ் என்று அழைக்கப்படுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரின் மையத்திலிருந்து தென்கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சுற்றிலும் சமவெளி. ‘செரிட்டோஸ்’ என்ற ஸ்பானியச் சொல்லுக்குச் ‘சிறு குன்றுகள்’ என்று பொருள். ஊருக்குள் குன்று எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தச் சமவெளியில் முதன்முதலில் வாழ்ந்தவர்கள் டோங்வா என்னும் பூர்வகுடி மக்கள். பின்னர் ஸ்பானியர்கள் வந்தனர். 1784இல் மனுவேல் நியேட்டோ என்ற படைவீரருக்கு அவ்வட்டாரத்தில் மாபெரும் நிலப்பரப்பு மானியமாக வழங்கப்பட்டது. அவருக்குப் பின் அது பல பெரும் பண்ணைகளாகப் பிரிந்தது. அவற்றுள் ஒன்றின் பெயர்தான் லாஸ் செரிட்டோஸ். அக்காலத்திலும் அங்கே மாடுகள் மேய்ந்தன. ஆனால் அவை பாலுக்காக வளர்க்கப்பட்டவை அல்ல. தோலுக்கும் கொழுப்புக்கும் வளர்க்கப்பட்டவை.

அந்த மண்ணை விளைநிலமாக மாற்றியது நிலத்தடி நீர். மலைகளில் பெய்யும் மழையும் உருகும் பனியும் மண்ணுக்குள் இறங்கி, களிமண் அடுக்குகளுக்கு இடையில் அழுத்தத்துடன் தேங்கி நிற்கும். அந்த அடுக்கைத் துளைத்தால் போதும், நீர் தானாகவே மேலெழும்பிப் பீறிடும். இத்தகைய கிணற்றை ஆர்ட்டீசியன் கிணறு என்பார்கள். 1875இல் இந்தக் கிணறுகளை நம்பி நிறுவப்பட்ட ஊருக்கு ஆர்ட்டீசியா என்றே பெயர் வைத்தார்கள். செரிட்டோஸ் இன்று அந்தச் சின்னஞ்சிறு ஊரை மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கிறது. கிணறுகள் பெருகப் பெருக நீரின் அழுத்தம் குறைந்தது. பிறகு நீரை இறைக்க இயந்திரம் தேவைப்பட்டது. இருந்தாலும் தண்ணீர் கிடைத்தது. சர்க்கரைக்கான பீட் கிழங்கும் காய்கறிகளும் பழங்களும் விளைந்தன.

பால்பண்ணைகள் அங்கு வந்ததற்குக் காரணம் லாஸ் ஏஞ்சலிஸின் வளர்ச்சி. பால் விரைவில் கெட்டுவிடும் பொருள். குளிரூட்டும் வசதி குறைவாக இருந்த காலத்தில், பால் குடிப்பவர்களுக்கு அருகிலேயே மாடுகளும் இருந்தாக வேண்டும். எனவே தொடக்கத்தில் பண்ணைகள் நகரத்தை ஒட்டியே இருந்தன. நகரம் விரிந்தபோது நிலத்தின் விலை ஏறியது. சுகாதார விதிகளும் கடுமையாயின. பண்ணைகள் தென்கிழக்கு நோக்கி நகரத் தொடங்கின. 1920களிலும் 1930களிலும் இந்தத் தொழிலைக் கையிலெடுத்தவர்களில் பெரும்பாலோர் இரு குழுவினர். ஒரு குழுவினர் நெதர்லாந்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள். மற்றொரு குழுவினர் அட்லாண்டிக் பெருங்கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்தவர்கள். கூலிக்குப் பால் கறக்கத் தொடங்கி, சிறுகச் சிறுகச் சேமித்து, சொந்தப் பண்ணை வைத்தவர்கள் இருசாராரிலும் உண்டு.

‘பால்பண்ணை’ என்றதும் பச்சைப் புல்வெளியும் அதில் உலாவும் பசுக்களும் மனக்கண்ணில் தோன்றக்கூடும். லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்துப் பண்ணைகள் அப்படி இருக்கவில்லை. அங்கே புல்வெளிக்கு இடமே இல்லை. சில ஏக்கர் நிலத்தில் பட்டிகள் கட்டி, நூற்றுக்கணக்கான மாடுகளை நெருக்கமாக அடைத்து வைத்தார்கள். தீவனம் முழுவதும் வெளியிலிருந்து விலைக்கு வந்தது. குதிரை மசால் என்னும் தீவனப்பயிரை உலர்த்திக் கட்டுக்கட்டாகத் தொலைவிலிருந்து கொண்டுவந்து இறக்கினார்கள். அதனோடு பருத்திக்கொட்டையும், சர்க்கரை ஆலையில் மிஞ்சிய பீட் சக்கையும், ஆரஞ்சுச் சாறு பிழிந்தபின் எஞ்சிய தோலும் மாடுகளுக்கு உணவாயின. கன்றுகளைக்கூடப் பெரும்பாலும் அங்கே வளர்ப்பதில்லை. கறவை மாட்டை வேறிடத்தில் வாங்கி வருவார்கள். பால் வற்றியதும் இறைச்சிக்கு விற்றுவிடுவார்கள். சாணம் ஆரஞ்சுத் தோப்புகளுக்கும் தோட்டங்களுக்கும் உரமாகச் சென்றது. ஒரு பக்கம் தீவனம் நுழைய, மறுபக்கம் பால் வெளியேற, பண்ணை ஒரு தொழிற்சாலையைப் போலவே இயங்கியது.

இந்தத் தொழிலில் உலர்ந்த தீவனத்தின் விலைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. செரிட்டோஸுக்கு வடமேற்கே உள்ள பாரமவுண்ட் என்னும் ஊரில் பெரிய கற்பூர மரம் ஒன்று இருக்கிறது. தீவன வணிகர்களும் பண்ணைக்காரர்களும் அதன் நிழலில் கூடி அன்றாட விலையைப் பேசி முடிப்பார்கள். அங்கே முடிவாகும் விலையைத் தொலைதூரத்து வணிகர்களும் கவனித்தார்கள். ‘வைக்கோல் மரம்’ எனப் பெயர் பெற்ற அம்மரம் இன்று கலிபோர்னியாவின் வரலாற்றுச் சின்னங்களில் ஒன்று.

பண்ணைக்கு நிலம் கொஞ்சமே போதும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். புல்வெளி தேவைப்படாத பண்ணை, நகரத்துக்குப் பக்கத்திலேயே காலம் தள்ள முடியும். ஆனால் அதே காரணத்தால் அது எளிதில் இடம்பெயரவும் முடியும். மாடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு, வேறோர் இடத்தில் பட்டி கட்டினால் போதும். மண்ணோடு அதற்குள்ள பிணைப்பு, நெல் விளைவிப்பவருக்கும் தோப்பு வைத்திருப்பவருக்கும் உள்ளதைப் போன்றதன்று.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை வேகமாக மாறியது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசாங்கம் வீட்டுக்கடன் பெற வழிசெய்தது. விமானத் தொழிற்சாலைகளில் வேலைகள் பெருகின. வீடு கேட்டு வந்தவர்களின் கூட்டம் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தை நிறைத்தது. டெய்ரி வேலிக்கு மேற்கே, சான் கேப்ரியல் ஆற்றுக்கு அருகில் லேக்வுட் என்ற ஊர் உள்ளது. அங்கே 1950க்கும 1953க்கும் இடையில், அவரைத் தோட்டங்களாக இருந்த நிலத்தில், 17,500 வீடுகள் எழும்பின. ஒரு குழு அடித்தளம் போடும். அடுத்த குழு சட்டம் நிறுத்தும். அதற்கடுத்த குழு கூரை வேயும். இப்படி வரிசைமுறையில் வேலை நடந்ததால், தெருத்தெருவாக வீடுகள் முளைத்தன.

ஆற்றுக்கு இப்பால் இருந்த பண்ணைக்காரர்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். புது வீடுகளில் குடியேறுபவர்கள் முதலில் நாட்டுப்புறக் காற்றை விரும்பி வருவார்கள். வந்த சில மாதங்களில் சாண நாற்றத்தைப் பற்றியும் ஈக்களைப் பற்றியும் புகார் செய்வார்கள். பிறகு தேர்தலில் வாக்களிப்பார்கள். எண்ணிக்கையில் அவர்களே மிகுதி என்பதால், பண்ணைகளை வெளியேற்றும் விதிகள் வந்துவிடும். இது முன்பே பல ஊர்களில் நடந்திருந்தது. மாடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவற்றுக்கு வாக்குரிமை கிடையாதே!

இந்த இடத்தில் அமெரிக்க உள்ளாட்சி முறையைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. ஒரு வட்டாரம் தனி நகரமாக அமைக்கப்படாதவரை அது மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்கும். பக்கத்து நகரங்கள் அதைத் தம்முடன் இணைத்துக்கொள்ள முயலலாம். அந்த வட்டாரத்து மக்களே வாக்கெடுப்பு நடத்தித் தங்கள் ஊரைத் தனி நகரமாக்கிக்கொண்டால், அதன்பின் அங்குள்ள நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அந்நகர மன்றத்துக்கு வந்துவிடும். வீடா, கடையா, தொழிற்சாலையா, பண்ணையா என்பதை அம்மன்றமே வகுக்கும்.

முன்பெல்லாம் சிற்றூர்கள் இதற்குத் தயங்கின. தனி நகரமானால் சொந்தமாகக் காவல்துறை, தீயணைப்பு நிலையம், சாலைப் பராமரிப்பு எல்லாம் வேண்டும், செலவு கட்டுப்படியாகாது. 1954இல் தனி நகரமான லேக்வுட் இதற்கு ஒரு புதுவழி கண்டது. இச்சேவைகளையெல்லாம் மாவட்ட நிர்வாகத்திடமிருந்தே ஒப்பந்த அடிப்படையில் விலைக்கு வாங்கிக்கொண்டது. மிகக் குறைந்த ஊழியர்களோடு ஒரு நகரத்தை நடத்த முடியும் என்பது அதனால் தெரியவந்தது. வீடுகளால் நிறைந்த லேக்வுட் கண்டுபிடித்த அந்த வழியை, வீடுகளே வேண்டாம் என்றிருந்த பண்ணைக்காரர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

1955இல் ஆரஞ்சு மாவட்டத்தில் டெய்ரிலேண்ட் என்ற நகரம் அமைந்தது. 1956 ஏப்ரலில் டெய்ரி வேலி. அதே ஆண்டு ஜூலையில் டெய்ரி சிட்டி. அடுத்தடுத்து மூன்று நகரங்கள். மூன்றும் பாலின் பெயரால். மக்களை வெளியே நிறுத்தி வைப்பதற்காக அமைக்கப்பட்ட நகரங்கள் என்று அக்காலப் புவியியலாளர் ஒருவர் இவற்றைப் பற்றி எழுதினார். வேடிக்கையாகத் தோன்றினாலும் அது உண்மையே. டெய்ரி வேலியின் மன்றத்தில் பண்ணைக்காரர்களின் செல்வாக்கே ஓங்கியிருந்தது. நிலத்தைச் சிறு மனைகளாகக் கூறுபோட்டு விற்பதற்கு விதிகள் இடம் தரவில்லை. ஈ, நாற்றம் என்று புகார் சொல்ல ஆளும் இல்லை.

ஆனால் அவர்கள் போட்ட வேலிக்குள் ஒன்றுமட்டும் தடையின்றி நுழைந்தது. அதுதான் நிலத்தின் விலை.

கலிபோர்னியாவில் அன்று நிலவரி, அந்த நிலம் சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பதைப் பொறுத்தே விதிக்கப்பட்டது. அதில் மாடு கட்டப்பட்டிருக்கிறதா, மாளிகை கட்டப்பட்டிருக்கிறதா என்பது கணக்கில் வராது. சுற்றியுள்ள ஊர்களில் வீடுகள் எழும்ப எழும்ப, நடுவில் கிடந்த பண்ணை நிலத்தின் சந்தை விலையும் ஏறிக்கொண்டே போனது. விலை பத்து மடங்கானால் வரியும் அதற்கேற்ப உயரும். ஆனால் மாடு பத்து மடங்கு பால் கறப்பதில்லை. நிலத்தை விற்காமல் வைத்திருப்பதே ஒரு செலவாகிவிட்டது.

அத்துடன், விரைவுச்சாலைகளும் வந்தன. 605ஆம் எண் சாலை, 91ஆம் எண் சாலை ஆகியவை அப்பகுதியை ஊடறுத்துச் சென்றன. அவற்றுக்காகச் சில பண்ணைகளின் நிலம் எடுக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸில் வேலை பார்ப்பவர் டெய்ரி வேலியில் குடியிருக்கலாம் என்ற நிலை உருவானது. வீட்டுமனை நிறுவனங்கள் கதவைத் தட்டின. வேலிக்கு அப்பாலிருந்து நகரம் உள்ளே வரத் துடித்தது மட்டும் காரணமன்று. வேலிக்கு உள்ளே இருந்தவர்களுக்கும் அதைத் திறக்க ஆசை வந்துவிட்டது.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. அமெரிக்க வரிச் சட்டப்படி, தொழிலுக்குரிய நிலத்தை விற்பவர், அந்தப் பணத்தைக் குறித்த காலத்துக்குள் அதே வகையான வேறு நிலத்தில் போட்டால், இலாபத்துக்கான வரியை உடனே செலுத்த வேண்டியதில்லை. எனவே நிலத்தை விற்ற பண்ணைக்காரர் பலர் தொழிலை விடவில்லை. கிழக்கே மலிவாகக் கிடைத்த நிலத்தில் முன்பைவிடப் பெரிய பண்ணையை வாங்கினார்கள். நூறு மாடுகளோடு கிளம்பியவர் பல நூறு மாடுகளுக்கு உரிமையாளரானார். நகரம் வந்ததால் பண்ணை அழிந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இங்கே அது முழு உண்மையன்று. நகரம் தந்த பணத்தில் பண்ணை பெருத்தது. இழப்பு என்று பார்த்தால், சொந்தமாக நிலம் இல்லாமல் கூலிக்குப் பால் கறந்தவர்களைத்தான் முதலில் எண்ண வேண்டும். அவர்களிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

மூன்று பால் நகரங்களும் ஒவ்வொன்றாகப் பெயரை மாற்றிக்கொண்டன. டெய்ரி சிட்டி ஓராண்டிலேயே சைப்ரஸ் ஆயிற்று. பழைய பள்ளிக்கூடத்தைக் காற்றிலிருந்து காக்க நட்ட சைப்ரஸ் மரங்களே அப்பெயருக்குக் காரணம். குழிப்பந்து வீரர் டைகர் வுட்ஸ் வளர்ந்த ஊர் அதுதான். டெய்ரிலேண்ட் 1965இல் லா பால்மா என மாறியது. கடைசிவரை தாக்குப்பிடித்தது டெய்ரி வேலி. 1967இல் அதுவும் செரிட்டோஸ் ஆனது. பழைய பெரும்பண்ணையின் பெயரையும், பக்கத்தில் இயங்கிவந்த செரிட்டோஸ் கல்லூரியின் பெயரையும் ஒட்டி அது தேர்ந்தெடுக்கப்பட்டது. வீடு வாங்க வருபவர்களிடம் ‘பால்பண்ணைப் பள்ளத்தாக்கு’ என்று சொன்னால், மூக்கைப் பொத்திக்கொள்வார்கள் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம்.

அதன் பிறகு நடந்ததை எண்களே சொல்லும். 1970ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செரிட்டோஸில் 15,856 பேர் வாழ்ந்தார்கள். பத்தே ஆண்டுகளில், அதாவது 1980இல், அந்த எண்ணிக்கை 53,020 ஆகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலேயே மிக வேகமாக வளர்ந்த நகரங்களில் அது ஒன்று. அதன்பின் வளர்ச்சி நின்றுவிட்டது. 2020இல் மக்கள்தொகை 49,578. சுமார் 23 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் இனி வீடு கட்ட இடமில்லை. ஒரே தலைமுறைக்குள் பிறந்து, வளர்ந்து, நிறைந்துவிட்ட நகரம் அது.

பண்ணைக்காரர்கள் போட்ட வேலி வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் நிலம் 1950களிலேயே துண்டு துண்டாக விற்கப்பட்டு, திட்டமில்லாமல் வீடுகள் நெருங்கின. டெய்ரி வேலியில் அந்தப் பத்தாண்டுகள் நிலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. அதனால் பின்னால் கட்டியவர்கள் பெரிய பரப்பை மொத்தமாக எடுத்துத் திட்டமிட முடிந்தது. எங்கே பூங்கா, எங்கே பள்ளி, எங்கே தொழிற்பேட்டை, எங்கே கடைத்தொகுதி என்பதை முன்கூட்டியே வகுத்தார்கள். 1971இல் லாஸ் செரிட்டோஸ் சென்டர் என்னும் பெரிய கடைத்தொகுதி திறக்கப்பட்டது.

நகரத்தின் கருவூலத்தை நிரப்பியது இன்னொரு முடிவு. 1978இல் கலிபோர்னிய வாக்காளர்கள் சொத்துவரிக்கு உச்சவரம்பு விதித்தார்கள். நகர மன்றங்களின் வருமானம் சுருங்கியது. இனி விற்பனை வரியே துணை என்று ஆனது. அடுத்த ஆண்டே செரிட்டோஸ், பல கார் விற்பனை நிலையங்களை ஒரே இடத்தில் திரட்டி ஒரு சதுக்கம் அமைத்தது. மாட்டுப்பட்டிகள் இருந்த ஊரில் வரிசை வரிசையாகப் புதுக்கார்கள் நின்றன. கார் விலை உயர்ந்த பொருள் என்பதால், ஒவ்வொரு விற்பனையிலும் நகரத்துக்குக் கணிசமான வரி கிடைத்தது. அந்த வருமானம் இருந்ததால்தான் சுமார் ஐம்பதாயிரம் பேர் வாழும் ஓர் ஊர், 1993இல் பெரியதொரு கலையரங்கத்தைத் திறக்க முடிந்தது. 2002இல் அதன் நூலகம் டைட்டேனியம் என்னும் உலோகத் தகடுகள் போர்த்திய கட்டடமாக உருமாறியது. வெயிலின் போக்குக்கு ஏற்ப அக்கட்டடத்தின் நிறம் மாறுவதுபோல் தோன்றும்.

பள்ளிகளும் குடும்பங்களை ஈர்த்தன. ஆர்ட்டீசியா, புளூம்ஃபீல்டு, கார்மெனிட்டா என்று முன்பு மூன்று சிறு பள்ளி வட்டாரங்கள் இருந்தன. 1965இல் அவை ஒன்றிணைந்தன. மூன்று பெயர்களின் முதல் ஆங்கில எழுத்துகளும் ஏ, பி, சி என்று வரிசையாக அமைந்துவிட்டதால், புதிய வட்டாரத்துக்கு ‘ஏபிசி’ என்றே பெயரிட்டார்கள். அதிலுள்ள விட்னி உயர்நிலைப்பள்ளி மாநிலத்தின் சிறந்த அரசுப் பள்ளிகளில் ஒன்றாகப் பெயர் பெற்றது. கொரிய, சீன, பிலிப்பினோ, இந்தியக் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகவே செரிட்டோஸில் வீடு தேடின. 2010இல் அந்நகர மக்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆசிய வம்சாவளியினர்.

பக்கத்தில் உள்ள ஆர்ட்டீசியாவிலும் மாற்றம் நிகழ்ந்தது. 1965இல் அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டம் திருத்தப்பட்டதும், இந்தியாவிலிருந்து பலர் கலிபோர்னியாவுக்கு வரத் தொடங்கினர். ஆர்ட்டீசியாவின் பயனியர் புலவார் சாலையில் 1970களில் இந்தியக் கடைகள் தோன்றின. மளிகைக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, உணவகம் என்று பெருகி, அந்தச் சாலை ‘லிட்டில் இந்தியா’ என்று பெயர் பெற்றது. குஜராத்திக் குடும்பங்களின் கடைகள் அங்கே மிகுதி. இட்லியும் தோசையும் தேடி வரும் தமிழர்களும் உண்டு. அதே ஊரில் போர்ச்சுகீசியர்களின் சமூகமன்றம் இன்றும் இயங்குகிறது. ஆண்டுதோறும் அவர்கள் தூய ஆவியானவர் திருவிழாவைக் கொண்டாடுகிறார்கள். மாட்டைக் கொல்லாமல் நடத்தும் காளைப்போரும் அதில் இடம்பெறுவதுண்டு. பண்ணைகள் போனபின்னும் பண்ணைக்காரர்களின் விழா தங்கிவிட்டது. ஒரு பக்கம் அந்த விழா. இன்னொரு பக்கம் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கிய பால்கோவாவும் பேடாவும். பாலோடு ஆர்ட்டீசியாவுக்கு உள்ள உறவு இப்படியும் தொடர்கிறது.

சரி, அந்த மாடுகள் எங்கே போயின?

பெரும்பாலானவை கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சீனோ பள்ளத்தாக்குக்குப் போயின. கலிபோர்னிய அரசு 1965இல் கொண்டுவந்த சட்டம் ஒன்று அங்கே உதவியது. நிலத்தைக் குறைந்தது பத்தாண்டுகள் விவசாயத்துக்கே வைத்திருப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டால், சந்தை விலைக்குப் பதிலாக விவசாயப் பயன்பாட்டின் மதிப்புக்கு ஏற்ப வரி விதிக்கப்படும். அந்தப் பாதுகாப்பில், உலகிலேயே பால்மாடுகள் மிக நெருக்கமாக வளர்க்கப்பட்ட இடங்களில் ஒன்றாகச் சீனோ மாறியது.

நெருக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. சாணத்தைப் பரப்புவதற்குப் போதிய வயல்கள் இல்லாமல் அது மலைபோல் குவிந்தது. அதிலிருந்த உப்புகளும் நைட்ரேட்டும் மெல்ல மெல்ல நிலத்தடி நீரில் கலந்தன. பெருமழை பெய்தால் சாணக் கரைசல் ஆற்றில் இறங்கியது. அதே ஆற்றின் நீரைத்தான் கீழே ஆரஞ்சு மாவட்டத்து மக்கள் பயன்படுத்தினார்கள். பின்னாளில் அந்த நிலத்தடி நீரை ஏற்றி, உப்பையும் நைட்ரேட்டையும் பிரித்தெடுத்துக் குடிநீராக்க ஆலைகளே கட்ட வேண்டியிருந்தது. பண்ணைகள் போனாலும் அவற்றின் உப்பு நிலத்தடியில் தங்கிவிட்டது. விவசாயம் என்றாலே தூய்மை, நகரம் என்றாலே மாசு என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது.

சீனோவிலும் அதே கதை மீண்டும் நடந்தது. 1990களில் வீடுகள் அங்கேயும் எட்டிப்பார்த்தன. ஒப்பந்த நிலங்கள் ஒவ்வொன்றாக விடுவிக்கப்பட்டன. அப்பகுதியின் கிழக்கு ஓரத்தில், பால்பண்ணைகள் இருந்த நிலத்தில், ஈஸ்ட்வேல் என்ற நகரம் 2010ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கப்பட்டது. தனி நகரமான அந்த ஆண்டிலேயே அதன் மக்கள்தொகை 53,668. 2020இல் 69,757. பண்ணைகளுக்குப் பதில் அங்கே வீடுகளும், இணையத்தில் வாங்கும் பொருள்களைச் சேமிக்கும் பிரம்மாண்டமான கிடங்குகளும் எழுந்தன. டெய்ரி வேலியைப் போல அது மாடுகளைக் காக்க நகரமாகவில்லை. குடியேறிய மக்கள் தங்கள் சாலைகளையும் பூங்காக்களையும் தாங்களே நிர்வகிப்பதற்காக நகரமாக்கிக்கொண்டார்கள்.

சீனோவின் பண்ணைக்காரர்கள் இம்முறையும் நிலத்தை விற்றார்கள். இம்முறையும் இன்னும் பெரிய பண்ணைகளை வாங்கினார்கள். சிலர் ஐடஹோ, நியூ மெக்சிகோ, டெக்சஸ் மாநிலங்களுக்குச் சென்றார்கள். பலர் வடக்கே, மலைத்தொடருக்கு அப்பால் உள்ள மத்தியப் பள்ளத்தாக்கை நாடினார்கள். அங்குள்ள டுலேரி மாவட்டம்தான் இன்று அமெரிக்காவிலேயே மிகுந்த பால் தரும் மாவட்டம். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அந்த வட்டாரத்திலிருந்து, குளிரூட்டப்பட்ட தொட்டி லாரிகள் இரவு பகலாகப் பாலை ஏற்றிக்கொண்டு தெற்கே வருகின்றன. மலையைக் கடந்து அவை இறங்கும் 5ஆம் எண் விரைவுச்சாலை, லாஸ் ஏஞ்சலிஸைத் தாண்டி, செரிட்டோஸின் வடகிழக்கு ஓரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது.